நாளுக்கு இரண்டு விரற்கடை

நாச்சிமுத்து வீட்டுக் கார் வளர ஆரம்பித்தது அவர் மகள் வான்மதியின் கருமாதி முடிந்த மறுநாள் காலையில் என்றுதான் பவுண்டரிக் காலனி மூன்றாம் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் நாச்சிமுத்துவின் மனைவி மயிலாத்தாள் மட்டும், இல்லை, கருமாதி அன்றைக்கு மத்தியானமே, வந்த சனம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோதே அது ஒரு அரிசி நீளம் வளர்ந்துதான் இருந்தது, கண்ணில் தண்ணி நின்றதால் அப்படித் தெரிகிறதென்று நான்தான் விட்டுவிட்டேன் என்பாள். ஒரு நாள் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று கேட்டுவிடாதீர்கள். ஒரு நாளைப் பற்றித்தான் இந்தக் கதையே.

அது நிஜக் கார் அல்ல. அரைச் சாண் நீளம், உள்ளங்கையில் அடங்கும், மாதுளம்பழத் தோல் சிவப்பில் பதினேழு என்று நம்பர் போட்ட ரேஸ் கார் பொம்மை. பொம்மை என்று நாச்சிமுத்துவின் காதுபடச் சொல்லியிருந்தால் மனிதர் அதோடு உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட வரமாட்டார். மாடல் என்று சொல்ல வேண்டும், நிஜக் காரில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு என்று சொல்ல வேண்டும், முக்கியமாகத் தொடக் கூடாது. கோயமுத்தூரில் பம்பு வார்க்கிற பவுண்டரி ஒன்றில் முப்பத்திநாலு வருசம் அச்சு வேலை பார்த்தவர் அவர். கருமணலிலும் புகையிலும் நின்று, பிசிறு பிசிறாக வெளியே வருகிற பம்பு உடம்புகளை அரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துச் சலித்துப்போன இளவயதில், வெளிநாடு போய் வந்த எஞ்சினியர் ஒருவர் மேசையில் ஒரு குட்டி ரேஸ் காரைப் பார்த்தார், கதவிடுக்கில்கூட ஒரு பிசிறு இல்லை, சக்கரத்துக் கம்பி ஒவ்வொன்றும் தலைமுடி மொத்தம், இப்படியும் ஒரு உலோகத்தை ஊற்ற முடியுமா என்று மலைத்து நின்றார், அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான்.

அதன் பிறகு வாங்கியும், கேட்டும், தபாலில் வரவழைத்தும், நூற்று அறுபத்தெட்டுக் கார்கள் சேர்ந்துவிட்டன. வெட்டுக்கிளி மாதிரி சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை, வால் நீண்டவை, சேற்றில் ஓடி வந்த மாதிரியே வண்ணம் பூசியவை எல்லாம் வீட்டின் முன்னறைச் சுவர் முழுக்க அடைத்த கண்ணாடி அலமாரியில், பின்னால் குழல் விளக்கு எரிய, ஒரே பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு நிற்கும். சாவி அவர் அரைஞாண் கயிற்றில். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைப் பஞ்சுக் கையுறை மாட்டி, பெயிண்ட் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தூசு தட்டுவார், அப்போது யாரும் மூச்சு பலமாக விடக் கூடாது. விருந்தாளி வீட்டுப் பிள்ளைகள் அந்த அலமாரி முன்னால் அழுது புரண்டதெல்லாம் தெருவுக்கே தெரியும். பார்க்க மட்டும் கிடைத்து அனுபவிக்கக் கிடைக்காத எதையும் மூன்றாம் தெருவில் ‘நாச்சிமுத்து வீட்டுக் கார் மாதிரி’ என்றுதான் சொல்வார்கள்.

அந்தச் சிவப்புக் கார் மட்டும் அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. இந்த மாதிரி சேர்க்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, பெட்டி பிரிக்காத கார்தான் கன்னி கழியாத கார், பிரித்துவிட்டால் மதிப்பில் பாதி போய்விடும் என்பார்கள். வான்மதிக்குப் பத்து வயது நிறைந்த அன்று, புதுப்பாவாடை கட்டிக்கொண்டு அலமாரி முன்னால் நின்று, வேறு எதுவும் வேண்டாமப்பா, அந்தச் சிவப்பை மட்டும் பிரித்து ஒரு தரம் என் கையில் கொடு என்று கேட்டாள். அவர் அவள் தலையைத் தடவி, “இன்னுங் கொஞ்ச நாள் போகட்டும், கண்ணு” என்றார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்தவர்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நாள் பதினேழு வருசம் ஆகியும் வரவில்லை.

தொடாதே தொடாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளை எதைத் தொடப் போகும்? பதினெட்டு வயதில் அவள் ஊருக்கு வெளியே இருந்த ரேஸ் மைதானத்தில் போய் நிஜக் காரின் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். நாச்சிமுத்து திட்டவும் இல்லை, வாழ்த்தவும் இல்லை. நிற்கிற கார்தான் எனக்குக் கார், ஓடுகிறது எமன் என்று ஒரே ஒரு தரம் மயிலாத்தாளிடம் சொன்னார். மகள் ஒவ்வொரு பந்தயத்துக்கும் அனுமதிச் சீட்டுக் கொண்டுவந்து தொலைக்காட்சிப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போவாள், மயிலாத்தாள் போய் வெயிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவாள், இவர் ஒரு தரம்கூடப் போகவில்லை. ஆனி மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, இவர் கையுறை மாட்டித் தூசு தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மூன்றாவது திருப்பத்தில் அவள் கார் உருண்டது. தான் சொன்னதுதான் நடந்தது என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. சொல்லி என்ன செய்ய, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளத்தான் முடியும்.

பதினாறாம் நாள் கருமாதி. படத்துக்கு மாலை போட்டு, அவளுக்குப் பிடித்த பலகாரமெல்லாம் வைத்த பிறகும் மயிலாத்தாளுக்கு ஏதோ குறைந்தது. அவர் அசந்து கண்ணயர்ந்த நேரம் பார்த்து அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தாள், சிவப்புக் காரின் பெட்டியைப் பழைய பிளேடால் கீறினாள், காரை எடுத்து மகளின் படத்துக்கு முன்னால், விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். எழுந்து பார்த்த நாச்சிமுத்து பெட்டியின் கிழிந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். கிழிந்த பெட்டியைச் சீராக மடித்து அலமாரியில் அதன் இடத்தில் வைத்துவிட்டார்.

மறுநாள் காலை கார் கட்டைவிரல் நீளம் கூடியிருந்தது. அவர் செய்த முதல் காரியம் வெர்னியரை எடுத்து அளந்ததுதான். அளந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அளந்தார், அளவு தப்பிப்போச்சு என்று அலுத்துக்கொண்டார், ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். அதிலிருந்து நாளுக்கு இரண்டு விரற்கடை, ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சோப்புப் பெட்டி அளவு ஆனது, செருப்பு அளவு ஆனது, மூன்றாம் வாரத்தில் தொட்டில் அளவு ஆனது. ஆனால் எடை மட்டும் பெட்டியில் அச்சடித்திருந்த அதே நூற்று எழுபத்திரண்டு கிராம்தான். மயிலாத்தாள் வீடு கூட்டும்போது ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் கூட்டுவாள். பின்தெருவில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் அப்பாஸ் பாய் தன் கொக்கித் தராசைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தார், முள் அசையக்கூட இல்லை. கடவுள் செலவில்லாமல் பெருசாக்கறார், இருந்ததையே இழுத்து இழுத்து என்று சொல்லிவிட்டுத் தராசைச் சுருட்டிக்கொண்டு போனார்.

இதற்குள்ளே நாச்சிமுத்து வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தார். இந்த மாதிரிக் கார்களுக்குள்ளே டிரைவர் ஒன்று உட்கார்ந்திருக்கும், ஹெல்மெட் போட்டு, முகக் கண்ணாடி இறக்கி. ஆனால் அது நெஞ்சு வரைக்கும்தான். வெளியே தெரியாததை எந்தக் கம்பெனியும் வார்க்காது, இடுப்புக்குக் கீழே வெறும் மொட்டைக் கட்டை, இது சேர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒன்பதாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தார், டிரைவருக்கு முழங்கால் வந்திருந்தது. இருபதாம் நாள் ஷூ நாடா வந்தது. முப்பதாம் நாள், கையுறையில் சுண்டு விரல் ஓரத்தில் தையல் விட்டிருந்த இடம் வந்தது, அந்தத் தையலை வான்மதிக்கு இரண்டு தரம் போட்டுக் கொடுத்தவள் மயிலாத்தாள்தான். புருசனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கார் நிஜ அளவுக்கு வந்து சேருகிற அன்றைக்கு உள்ளே இருப்பவளை இறக்கிவிடலாம் என்பது அப்போதே இரண்டு பேருக்கும் தெரிந்துபோயிற்று. யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு வாரத்தில் காலனி முழுக்கத் தெரிந்தது. தெரிந்ததும் என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள், ஆச்சரியப்பட்டு வாயைப் பிளந்தார்களா? இரண்டு நாள் பிளந்தார்கள். மூன்றாம் நாள் கண்ணுபடும் என்று சொல்லி எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கொண்டுவந்து காருக்கு முன்னால் கட்டினார்கள். ஐம்பதாம் நாள், இனி வளர்ந்தால் வாசல் வழியாக வெளியே எடுக்க முடியாது என்று ஆனபோது, தெருவில் இருந்த இரண்டு கொத்தனார்கள் கூலி வாங்காமல் முன்சுவரை இடித்துக் கொடுத்தார்கள், நான்கு பெண்கள் ஆளுக்கொரு விரல் கொடுத்துக் காரைத் தூக்கி வந்து தெருவில் வைத்தார்கள், கல்யாணத்துக்குப் போடுகிற சாமியானாப் பந்தல் போட்டார்கள். பால் வண்டிக்காரர் இரண்டாம் தெரு வழியாகச் சுற்றி வரப் பழகிக்கொண்டார். மாநகராட்சியிலிருந்து ஒருத்தர் வந்து தெருவை அடைத்ததற்கு நோட்டீஸ் ஒட்ட இடம் தேடி, கார் மேல் ஒட்ட மனசு வராமல் பந்தல் காலில் ஒட்டிவிட்டுப் போனார். வண்டிப் பதிவு அலுவலகத்திலிருந்து வந்தவர் இன்ஜின் நம்பர் கேட்டார், இல்லை என்றதும் அப்படியானால் இது வண்டியே இல்லை, வளரும் பொருளுக்கு எங்கள் சட்டத்தில் இடமில்லை என்று எழுதிக் கொடுத்து, மயிலாத்தாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். தெருவில் காலத்தைக்கூட அதை வைத்துத்தான் கணக்கிட்டார்கள், கார் பீரோ அளவு இருந்தபோது எங்கள் பெண்ணுக்கு நிச்சயம் ஆச்சு, ஆட்டோ அளவு இருந்தபோது மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தது என்று பேசினார்கள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், புருசனைப் பறிகொடுத்தவர்கள் காலனியில் ஒருவரா இருவரா. எதிர்வீட்டுக் கண்ணம்மக்கா ஆற்றில் போன தன் மகனின் கிலுகிலுப்பையைக் கொண்டுவந்து காருக்குப் பக்கத்தில் வைத்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி மூக்குக்கண்ணாடி வைத்தாள், ஒருவர் மகள் ஓட்டிய மொபெட்டின் சாவியை வைத்தார், வெள்ளலூரிலிருந்து ஒரு கிழவர் பல்செட் கொண்டுவந்தார், அவர் பெண்டாட்டியுடையது. காலையில் குளித்துவிட்டு வந்து ஒவ்வொருவரும் தங்கள் பொருளை விரலால் அளந்து பார்ப்பார்கள். ஒன்றும் வளரவில்லை. கண்ணம்மக்கா நாற்பது நாள் வந்து பார்த்தாள், அதன் பிறகு கிலுகிலுப்பையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, உங்களுக்காவது நல்லது நடக்கட்டும் என்று மயிலாத்தாளின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சொல் பொய்யில்லை, மனசாரச் சொன்னதுதான், ஆனால் அன்றைக்கு அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

நாச்சிமுத்து பந்தலைச் சுற்றிக் கயிறு கட்டினார். யாரும் தொடக் கூடாது என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். பிள்ளைகள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். மயிலாத்தாள் மட்டும் தினமும் கயிற்றைத் தூக்கி உள்ளே குனிந்து போய்க் கூட்டித் தெளித்தாள், ஈரத்துணியால் துடைத்தாள், அவளை அவர் தடுக்கவில்லை, பார்க்காத மாதிரி இருந்துகொள்வார்.

நூற்றெட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. மைதானத்துக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்திருந்த வான்மதியின் பழைய ஹெல்மெட் ஒன்று பீரோவில் இருந்தது, விபத்தன்று போட்டதல்ல, அதற்கு முந்தையது, ஒரு முறை படியில் உருண்டு இடதுபக்கம் கீறல் விழுந்தது. அதை மயிலாத்தாள் எடுத்துவந்து காரில் இருப்பவளின் தலைக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஒரே அளவு. அதே கீறல். நாச்சிமுத்து வெர்னியர் போட்டு இரண்டையும் அளந்தார், ஒரு நூல் வித்தியாசம் இல்லை. தெருவே குளித்து முழுகி வந்து நின்றது, ஆரத்தித் தட்டு கரைத்து வைத்திருந்தார்கள், அப்பாஸ் பாய் கடையைச் சாத்திவிட்டு வந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இறக்கிவிட்ட முகக் கண்ணாடிக்குள்ளே, மூக்குக்கு நேராக, லேசாகப் பனி பிடித்துப் பிடித்து விலகியது, மூச்சு விடுகிறவர்களுக்குப் பிடிக்குமே அப்படி.

மயிலாத்தாள் நெஞ்சுப் பட்டைகள் வந்து சேருகிற பூட்டின் மேல் கையை வைத்தாள்.

“ஏனுங்க, இன்னிக்கு எறக்கிரலாமுங்க. அளவு சரியா இருக்குதுங்க.”

“சரியா இருக்கறதுதான் தப்பு, மயிலா” என்றார் நாச்சிமுத்து. “வார்ப்பு ஆறுனா அடிக்கு அரைக்கால் அங்குலம் சுருங்கும். இன்னிக்கு எறக்குனா நாளைக்கு நம்ம புள்ள கொறஞ்சு போயிருவா. ஒரு நாள் கூடிக்கட்டும். அப்பறம் ஆறி, தானா அளவுக்கு வரும்.”

இதைச் சும்மா சொல்லவில்லை அவர். அச்சு வேலை தெரிந்தவர்களுக்கு இது அரிச்சுவடி. செய்யப் போகிற பொருளைவிட அச்சைக் கொஞ்சம் பெரிதாகத்தான் செய்ய வேண்டும், ஊற்றிய உலோகம் ஆறும்போது அந்தக் கொஞ்சம் உள்வாங்கிச் சரிக்குச் சரியாகும். கார் நீளம் பதினான்கு அடி, அடிக்கு அரைக்கால் அங்குலம் என்றால் ஒன்றே முக்கால் அங்குலம், கார் ஒரு நாளில் வளர்வதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அவர் நோட்டில் அதை ஒரு மாசத்துக்கு முன்னாலேயே போட்டுப் பார்த்து வைத்திருந்தார். அதோடு, இருபத்து மூன்று வயதில் ஒரு முறை அவசரப்பட்டு, ஆறுகிறதற்கு ஒரு மணி நேரம் முந்தி அச்சைப் பிரித்து, ஆளுயரப் பம்பு ஒன்று அவர் கண் முன்னால் டப்பென்று வெடித்துப் பிளந்திருந்தது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு வாழ்க்கையில் எதையும் அவர் சீக்கிரம் பிரித்ததில்லை.

“இதுல சூடே இல்லீங்களே” என்றாள் மயிலாத்தாள். “நான் தெனமும் தொட்டுத்தொடைக்கறேன். தண்ணிப் பானையாட்டச் சில்லுன்னு இருக்குது. கொதிச்சாத்தானுங்க ஆறும்?”

“முப்பத்திநாலு வருசம் பாத்தவனுக்கு நீ சொல்லித் தர்றயா? இன்னுங் கொஞ்ச நாள் போகட்டும்.”

அந்த வார்த்தையை எங்கே கேட்டோம் என்று மயிலாத்தாளுக்கு உடனே தெரிந்தது. ஆனாலும் கையை எடுத்துவிட்டாள். தொழில் தெரிந்த மனிதர், பெற்ற தகப்பன், அவருக்குத் தெரியாததா என்று நினைத்தாள், தான் அவசரப்பட்டுப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் என்று பயந்தாள். கையை எடுக்கும்போது கையுறையின் தையல் விட்ட சுண்டு விரல் அவள் விரலைப் பிடித்த மாதிரி இருந்தது. பிடித்ததா, சும்மா பட்டதா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. கூட்டத்தில் நின்றவர்களும் நாச்சிமுத்து சொல்வதே சரி, ஒரு நாள்தானே என்றார்கள், கரைத்த ஆரத்தியை வீணாக்க வேண்டாமென்று தெருமுனையில் ஊற்றிவிட்டு வேலைக்குப் போனார்கள். கண்ணம்மக்கா மட்டும் போகவில்லை, எங்கிட்ட இருந்திருந்தா நான் விட்டிருக்க மாட்டேன் என்று யாருக்கோ சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டு சாயங்காலம் வரை தன் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் கார் இரண்டு விரற்கடை கூடியது. நாச்சிமுத்து தலையை ஆட்டிக்கொண்டார், இனி ஆறும். அதற்கு மறுநாள் நான்கு விரற்கடை கூடியது. மூன்றாம் நாள் ஒரு முழம். முகக் கண்ணாடிக்குள் பனி பிடிப்பது நின்றுபோயிருந்தது. அவர் ஓடிப்போய்ப் பட்டையின் பூட்டைப் பிடித்து இழுத்தார், கையுறைகூட இல்லாமல் வெறுங்கையால் இழுத்தார், பூட்டு அவர் விரலுக்குள் ஈரத்துணி மாதிரி கசங்கியதே தவிரத் திறக்கவில்லை. அதே நூற்று எழுபத்திரண்டு கிராம் எவ்வளவுக்குத்தான் இழுத்துக்கொடுக்கும்? வாரக் கடைசியில் கார் லாரி அளவு ஆகி வெங்காயச் சருகு போல மெலிந்தது, பிறகு பந்தலைக் கிழிக்காமலே அதன் ஊடாக எழும்பி, வீடுகளின் சுவரை இடிக்காமலே சுவருக்குள் புகுந்து, தெருவைவிடப் பெரிதானது. தலைக்கு மேலே போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று வெர்னியரை அவர் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

அதையும் தெரு பழகிக்கொண்டது. சமையலறையில் நிற்கிறவர்களின் மேல் பின்சக்கரத்தின் நிழல் விழும், கொடியில் காயும் வெள்ளை வேட்டிகள் மத்தியானத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும், பிள்ளைகள் இன்ஜினுக்குள் நின்று பள்ளிக்கூடப் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள், ஒருவர் உடம்பிலும் ஒன்றும் ஒட்டவில்லை. கார்த்திகை பாதி போனபோது முன்சக்கரம் சிங்காநல்லூர்க் குளத்தின் மேல் நின்றது, நாரைகள் அதற்குள் பறந்து அதற்குள்ளேயே இறங்கின. தண்ணீர்த் தொட்டிக்கும் மேலே, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் ஹெல்மெட் இருந்தது. ஸ்டீயரிங்கை விட்டு எப்போதோ விலகியிருந்த வலது கை மட்டும் கீழே இறங்கி, நாச்சிமுத்து வீட்டு மொட்டைமாடி மேல் மல்லாந்து கிடந்தது.

ஒரு நாள் விடிகாலை நாச்சிமுத்து மாடிக்கு ஏறிப் போனார். மயிலாத்தாள் பின்னாலேயே போய்ப் படிக்கட்டில் நின்றாள். அந்தக் கைக்கு நடுவில், அந்த மனிதர் அரைச் சாண் உயரம்தான் இருந்தார், அலமாரியில் நிற்கிற கார் எதையும்விடப் பெரிதில்லை. தலையை நிமிர்த்தி, அன்றைக்குப் பாவாடை கட்டிக்கொண்டு நின்றவள் அவரை எப்படிப் பார்த்தாளோ அப்படிப் பார்த்தார்.

“தொட்டுக்க, கண்ணு” என்றார். “எவ்வளவு வேணும்னாலும் தொட்டுக்க.”

விரல்கள் மடங்கின. மடங்குவதை இரண்டு பேருமே பார்த்தார்கள். ஆனால் மடங்கிய விரல்கள் அவர் மேல் படாமல், அவருக்குள்ளே நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டன, அவ்வளவு மெலிந்திருந்தன. அவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அப்படியே நின்றார். பத்து மணிக்குப் பிடித்த மழை மூன்று நாள் பெய்தது, நான்காம் நாள் வெளுத்தபோது வானம் வெறும் வானமாக இருந்தது. அன்றைக்கு மூன்றாம் தெருவில் எல்லா வீட்டுத் தண்ணீர்க் குடத்திலும் அடியில் ஒரு பொட்டுச் சிவப்பு இருந்தது என்பார்கள். அதையும் குடித்துவிட்டார்கள்.

இடித்த சுவரைக் கட்டவில்லை. தெருவில் போகிறவர்களுக்கு அலமாரி நேராகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தது, நாச்சிமுத்து கையுறை எடுக்கவில்லை, பிரஷ் எடுக்கவில்லை, அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்துக் கதவுகளைத் திறந்தார், நீலக் கார் ஒன்றை வெறுங்கையில் எடுத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முப்பது வருசமாக அலமாரியில் நின்ற காரைத் தரையில் வைத்து, விரலால் தள்ளிவிட்டார். அது மூன்று அடி நேராகப் போய், அதன் பிறகு இடதுபக்கம் வளைந்து சுவரில் முட்டி நின்றது.

“இடது பக்கமா இழுக்குதே” என்றார்.

மயிலாத்தாள் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

“அது எப்பவும் இடதுபக்கந்தானுங்க இழுக்கும். மதி சொல்லுவா.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள், முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். நீங்கள் ஷிஃப்ட்டுக்குப் போனதும் மத்தியானத்தில் பிள்ளை கேட்கும், பூட்டைக் கொண்டை ஊசியால் நான்தான் திறந்து கொடுப்பேன், இந்தத் தரை பூராவும் ஓட்டுவாள், நீங்கள் வருவதற்கு முந்தி ஒவ்வொன்றையும் துடைத்து, கைரேகை இல்லாமல் பழைய இடத்திலேயே வைத்துவிடுவோம், உங்களிடம் சொன்னால் அவளை அடிக்க மாட்டீர்கள், ஆனால் மனசு உடைந்துபோவீர்கள் என்றுதான் சொல்லவில்லை என்றாள்.

அவர் அழுவார் என்று நினைத்து மயிலாத்தாள் கையை நீட்டினாள். அவர் எழுந்து அலமாரிக்குப் போய்ப் பச்சை நிறத்தில் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“இது?”

“பின்சக்கரம் கீச்சுங்கும்.”

“இந்த மஞ்ச?”

“நேரா ஓடும். ஆனா கொஞ்ச தூரந்தான்.”

“வெள்ளி நெறத்துது?”

“அதுதானுங்க அவளுக்கு ரொம்பப் புடிச்சது. ஒரே தள்ளுல அடுப்படி வரைக்கும் போவும்.”

அப்படியே ஒவ்வொன்றாகக் கேட்டார், ஒவ்வொன்றுக்கும் அவள் சொன்னாள், எதையும் மறக்கவில்லை, நூற்று அறுபத்தேழும் தரைக்கு வந்துவிட்டன. கடைசியில் அலமாரியில் கிழிந்த பெட்டி மட்டும் மிச்சமிருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் திரும்பினார்.

“அத மட்டும் அவ ஓட்டிப் பாக்கலீங்க” என்றாள் மயிலாத்தாள். “பெட்டி பிரிச்சாத் தெரிஞ்சிரும்னு, நீங்களே ஒரு நாள் தருவீங்கன்னு விட்டுட்டா.”

அவர் உட்கார்ந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து, வெள்ளிநிறக் காரை எடுத்து ஒரு தள்ளுத் தள்ளினார், அது சமையலறை வாசற்படி வரை போய் நின்றது. மயிலாத்தாள் எழுந்து போய், அதைத் திருப்பி அவர் பக்கம் உருட்டிவிட்டாள்.